பிழைச் செய்தி வராத பிழைகள்: பைத்தானில் லிஸ்ட் படித்த அனுபவம்

பைத்தான் நிரல்மொழியில், பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் லிஸ்ட் பற்றிய பாடத்தை ஒருவழியாகக் கடந்துவிட்டேன். சதுர அடைப்புக்குறி, உறுப்பின் இடத்தைச் சொல்லும் சுட்டெண் பூஜ்யத்தில் தொடங்குவது, கடைசி உறுப்பை -1 போட்டு எடுப்பது எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. சோதனை அதற்குப் பிறகுதான். நான் சேர்ந்த ஆன்லைன் வகுப்பில் விடைத்தாள் திருத்துவது ஒரு தானியங்கி. "விடை தவறு" என்பதைத் தாண்டி அது வாய் திறக்காது.

முதல் அடி, வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட்டில் விழுந்தது. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி வேறொரு மாறியில் வைக்க வேண்டும் என்பது கேள்வி. சமக்குறிக்கு வலப்பக்கம் மதிப்பெண்கள்.சார்ட்() என்று எழுதி அச்சிட்டால், எண்களைக் காணோம். 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று ஒற்றைச் சொல் வந்து நிற்கிறது. சார்ட் இருக்கிற லிஸ்ட்டையே மாற்றி அடுக்கிவிடும், திருப்பி எதையும் தராது. புதிய லிஸ்ட் வேண்டுமானால் சார்ட்டட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட், நீக்கும் ரிமூவ், தலைகீழாக அடுக்கும் ரிவர்ஸ் எல்லாவற்றுக்கும் சார்ட்டின் குணமே. உறுப்பை நீக்கும் இன்னொரு கட்டளையான பாப் மட்டும், நீக்கியதைக் கையில் கொடுக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். பைத்தான் 1991-இல் வெளிவந்த கதையை விலாவாரியாகச் சொன்ன விரிவுரையாளருக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை.

இன்னொன்று: விசைப்பலகையிலிருந்து இன்புட் மூலம் வாங்குவதெல்லாம் எழுத்துச் சரம், அதாவது எண்ணாகக் கருதப்படாத வெறும் எழுத்துகள். அதை எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 100 முன்னால் போய் 9 பின்னால் வரும். இதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

என்னை உண்மையில் வாட்டியது நீக்கும் பயிற்சி. நாற்பதுக்குக் குறைந்த மதிப்பெண்களை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாடத்தில் காட்டியபடியே, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப்புக்குள் ரிமூவ். கொடுத்த லிஸ்ட் [35, 20, 28, 90]. வெளியே வந்தது [20, 90]. 35 போயிற்று, 28 போயிற்று, நடுவிலிருந்த 20 மட்டும் எப்படித் தப்பியது?

லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ட் முழுவதையும் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வரிசையில் முன்னால் நிற்பவர் விலகினால் பின்னால் இருப்பவர் ஓரடி முன்னே வருவாரே, அதுதான் நடக்கிறது. 35-ஐ நீக்கியதும் 20 பூஜ்யமாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. லூப் அதைப் பார்க்காமல் அடுத்து ஒன்றாம் இடத்துக்குப் போகிறது, அங்கே 28. அதை நீக்கியதும் 90 நகர்ந்து வர, லிஸ்ட்டும் முடிந்துவிடுகிறது. வகுப்பின் எடுத்துக்காட்டில் நீக்க வேண்டிய எண்கள் அடுத்தடுத்து இல்லை, அதனால் அங்கே எல்லாம் சரியாக வந்தது. பிரமாதமான எடுத்துக்காட்டு!

தப்பிக்க வழி எளிது. வெற்று லிஸ்ட் ஒன்றைத் தொடங்கி, வேண்டியவற்றை மட்டும் அதில் அப்பெண்ட் செய்யுங்கள். அல்லது மதிப்பெண்கள்[:] என்று எழுதி நகலின் மேல் லூப்பை ஓட விடுங்கள். பைத்தானின் அதிகாரபூர்வக் கையேடும் இதையேதான் சொல்கிறது. காசு கட்டிப் படித்த வகுப்பைவிட அந்த இலவசக் கையேடு எத்தனையோ மேல்.

அங்கேயே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு லிஸ்ட்டை மாற்றினால் இன்னொன்றும் ஏன் மாறுகிறது என்ற கேள்வியே அதில் இருப்பதைப் பார்த்ததும் பெரிய ஆறுதல். ஆ = அ என்றால் நகல் உருவாவதில்லை; ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். நகலுக்கு அ.காப்பி() வேண்டும். உள்ளே லிஸ்ட்டுகள் இருந்தால் அதுவும் போதாது, உள்ளே இருப்பவற்றையும் நகலெடுக்கும் டீப்காப்பி தேவை. கட்டம் = [[0] * 3] * 3 என்று எழுதி, கட்டம்[0][0] = 1 போட்டுப் பாருங்கள்; மூன்று வரிசைகளிலும் முதல் எண் 1 ஆகியிருக்கும். ஒவ்வொரு வரிசையையும் லூப்புக்குள் தனித்தனியாக உருவாக்கிச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு சின்ன மகிழ்ச்சியும் உண்டு. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கடைசிப் பயிற்சியை 'மதிப்பெண்கள்', 'தேறியவை' என்றே எழுதி அனுப்பினேன். தானியங்கி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தப்பிய அந்த 20 பற்றி வகுப்பின் உதவிப் பிரிவுக்கும் எழுதிக் கேட்டிருந்தேன், அதற்கும் பதில் வந்திருக்கிறது: பாடத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம்.