வயதான கைக்குச் சின்னத் துப்பாக்கி வேண்டாம்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், "அறுபத்தைந்து வயதாகிவிட்டது, பழைய .45 கையை உலுக்குகிறது, வேறு ஏதாவது காட்டுங்கள்" என்று கேட்டால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னத் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைப்பார்கள். பார்க்க அது சரியாகத்தான் தோன்றும். கை தளர்ந்தவருக்கு எடை குறைந்தது ஏற்றது என்று யாருக்கும் படும். ரேஞ்சில் இலக்குத் தாளைச் சுட்டுப் பழகும் மனிதருக்கு இதைவிடத் தவறான ஆலோசனை கிடையாது. வயது ஏற ஏறக் கையில் இருக்க வேண்டியது பெரிய துப்பாக்கி, அதற்குள் இருக்க வேண்டியது சின்னத் தோட்டா.

உதையின், அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவதன், கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். குண்டின் எடையும் வேகமும், அதோடு வெளியேறும் வெடிமருந்து வாயுவும் சேர்ந்து பின்னால் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. (.44, .45 போன்ற எண்கள் குண்டின் ஏறத்தாழ விட்டம், அங்குலத்தில்; ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்.) 240 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,350 அடி வேகத்தில் அனுப்பும் வலுவான .44 மேக்னம் தோட்டா, மூன்று பவுண்டு ரிவால்வரில் ஏறத்தாழ 24 ஜூல் உதைக்கும். 39 அவுன்ஸ் எடையுள்ள 1911 என்ற பழைய வடிவப் பிஸ்டலில் .45 ஏசிபி தோட்டா சுமார் 8 ஜூல். அதே எடையில் மிதமான 9 எம்எம் தோட்டா என்றால் மூன்றரை. 38 அவுன்ஸ் எஃகு ரிவால்வரில் 148 கிரெய்ன் வாட்கட்டர் (தாளில் வட்டத் துளையிடும் தட்டை முனைக் குண்டு) போட்ட .38 ஸ்பெஷல் இரண்டே கால் ஜூல்தான். அதே .38 தோட்டாவை 15 அவுன்ஸ் அலுமினிய ரிவால்வரில் போட்டால் 6 ஜூல் ஆகிவிடும். தோட்டா மாறவில்லை, உதை மட்டும் இரண்டரை மடங்கு. சட்டைப்பை ரிவால்வரை வாங்கிய பெரியவர் இரண்டாம் பெட்டியை முடிக்காமல் எழுந்து போவதற்கு இதுதான் காரணம்.

சின்ன .380 பிஸ்டல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் குழலும், மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன. அதனால் ஸ்பிரிங் கனமாக இருந்தாக வேண்டும். முதல் தோட்டாவை ஏற்ற ஸ்லைடை இழுக்கவும் கடினம், சுடும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் சுள்ளென்று அடிக்கவும் செய்யும். பூட்டுக் குழல் கொண்ட முழு அளவு 9 எம்எம் பிஸ்டலை இழுப்பது பெரும்பாலும் இதைவிட எளிது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி .380 பூட்டுக் குழல் வகை, ஸ்பிரிங்கும் மென்மையானது. வாங்கும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அதன் பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறது. மூட்டுவாதத்தால் உள்ளங்கை முழுதாக மூடாதவர்களுக்கு அது சில நேரம் அமுங்காது, ட்ரிகரும் நகராது. கடையிலேயே, அவர்கள் அனுமதி பெற்று, வெற்றுத் துப்பாக்கியைப் பத்து முறை பிடித்து அழுத்திப் பாருங்கள்.

ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பலர் தவறான தசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் கிள்ளிப் பிடித்து இழுத்தால், பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்தவருக்கு உயிர் போகும். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, மற்றக் கையின் நான்கு விரல்களையும் ஸ்லைடின் பின்பகுதிக்கு மேலாகப் போர்த்தி, உள்ளங்கையோடு சேர்த்து இறுக்க வேண்டும். பிறகு ஸ்லைடை இழுப்பதை விட்டுவிட்டு, பிடித்திருக்கும் கையால் துப்பாக்கியை இலக்கை நோக்கித் தள்ள வேண்டும். தோளும் மார்பும் வேலை செய்யும், விரல் தப்பிக்கும். தோட்டாக் கூடு வெளியேறும் வாயைக் கை மறைக்கக் கூடாது. வெளியே தெரியும் சுத்தியல் உள்ள துப்பாக்கி என்றால், தேவைப்படும் வலு பாதியாகக் குறைந்தது போல் தோன்ற ஒரு வழி உண்டு: முதலில் பெருவிரலால் சுத்தியலைப் பின்னால் மடக்கிவிட்டுப் பிறகு ஸ்லைடை இழுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைடு தன் ஸ்பிரிங்கோடு சுத்தியலின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

இதில் ஆபத்தான பழக்கம் ஒன்று இருக்கிறது. வலுப் போதாதபோது, பிடிமானத்துக்காகத் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்புவார்கள். குழல் முனை அடுத்த வரிசையில் நிற்பவரைப் பார்க்கும். திருப்ப வேண்டியது உடம்பை. குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும்.

1911 வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்கை மாற்றலாம். முழு அளவு .45-க்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. 185 கிரெய்ன் குண்டுள்ள, வலுக் குறைந்த மெல்லிய தோட்டாக்களுக்கு 12 முதல் 14 பவுண்டு போதும். சுத்தியலுக்குப் பின்னால் உள்ள 23 பவுண்டு ஸ்பிரிங்கை 19 ஆக்கினால் இழுப்பு இன்னும் இளகும். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. மெல்லிய ஸ்பிரிங்கோடு முழு வலுத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் ஸ்லைடு சட்டத்தில் மோதி மோதி அதைக் கெடுக்கும். சுத்தியல் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் குறைத்தால் பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்துப் பகுதியில்) அடி ஆழமாக விழாது, தோட்டா வெடிக்காது. மாறாக ஸ்பிரிங்கை அப்படியே விட்டு மெல்லிய தோட்டா போட்டாலோ, மணிக்கட்டு தளர்ந்து பிடித்தாலோ, ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கூடு வாயில் நின்று சிக்கிக்கொள்ளும். வயதானவர் கையில் சிக்கும் பிஸ்டலைப் பார்த்துத் துப்பாக்கி பழுது என்று முடிவுகட்டும் முன், அதே தோட்டாவை வலுவான கை ஒன்று சுட்டுப் பார்க்க வேண்டும்.

கைக்கு முன்பே கண் போய்விடுகிறது. நாற்பதுகளின் நடுவில் வெள்ளெழுத்து வந்ததும், குறி பார்க்கக் குழல் முனையில் உள்ள முன் சைட் மங்கிவிடும். எழுத்து படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது. +2.5 கண்ணாடி 40 செ.மீ. தொலைவில் தெளிவு தரும். கையை நீட்டிப் பிடித்தால் முன் சைட் நிற்பதோ கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவில். அதற்கு வேண்டியது, தூரப் பார்வைக்கான எண்ணோடு கூடுதலாக +1.5-க்குச் சற்றுக் குறைவு. இலக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்பவர்கள் +0.5 அல்லது +0.75 மட்டும் கூட்டிக்கொள்கிறார்கள், அப்போது சைட்டும் இலக்கும் இரண்டும் ஓரளவு தெளியும். துப்பாக்கியைக் கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வீட்டிலேயே காலியான துப்பாக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து முன் சைட் வரை வேறொருவரை நூலால் அளக்கச் சொல்லி, அந்த நூலைக் கொண்டுபோனால் போதும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கீழ்ப்பகுதி வழியே சைட்டைப் பார்க்கத் தலையை அண்ணாந்து, கழுத்து வளைந்து, ஒவ்வொரு குண்டுக்கும் தலை வேறு இடத்தில் நிற்கும்.

சிறு கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டும் ரெட் டாட் சைட் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. புள்ளி இலக்கின் தொலைவிலேயே தெரிவதால் தூரப் பார்வைக் கண்ணாடியே போதும். 6 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 25 கஜத்தில் சுமார் 4 செ.மீ. இடத்தை மறைக்கும். அங்கே பயன்படும் பி-8 இலக்குத் தாளின் பத்து மதிப்பெண் வளையம் எட்டரை செ.மீ. என்பதால் அது இடைஞ்சல் இல்லை. மூன்று எம்ஓஏ புள்ளி நேர்த்தியானது என்று வாங்கிவிட்டு, தேடிக் களைப்பவர்கள் உண்டு. மூத்த கண்ணுக்குப் பெரிய புள்ளியும் அகலமான கண்ணாடியும்தான் சுகம். புள்ளி வால்நட்சத்திரம் போலவோ திராட்சைக் கொத்து போலவோ தெரிந்தால் பொருளைத் திருப்பி அனுப்பும் முன் கைபேசியால் அதன் வழியே ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை உங்கள் கண்ணின் சிதறல் பார்வையில்தான் (அஸ்டிக்மாட்டிசம்). ஒளியைக் குறைத்தால் பாதி சரியாகும். பச்சைப் புள்ளி சிலருக்குத் தெளிவாக இருக்கிறது. இன்னொன்று: உயர்த்தியதும் புள்ளி காணாமல் போவது சைட்டின் தவறு அல்ல, பிடி ஒவ்வொரு முறையும் மாறுவதன் அடையாளம்.

இனி .22 என்ற சின்னத் தோட்டா. எனக்கு இதுதான் பேச்சின் மையம். இரண்டரை பவுண்டு பிஸ்டலில் இதன் உதை அரை ஜூலுக்கும் கீழே. அதற்காக மட்டும் அல்ல, பயிற்சியின் அளவுக்காகவும் மூத்தவர்கள் இதற்குத் திரும்ப வேண்டும். முழங்கை நரம்பு வலி உள்ளவர் .45-இல் ஐம்பது குண்டு சுட்டால் மறுநாள் தேநீர்க் கோப்பையைத் தூக்கத் தயங்குவார், .22-இல் இருநூறு சுடலாம். ரூகர் மார்க் வரிசை, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 மூன்றுமே நல்லவை. மாடல் 41 மிக நேர்த்தியானது, கை நடுங்காதவருக்கு. ரூகரில் சுடும்போது பின்னும் முன்னும் ஓடுவது உள்ளே உள்ள போல்ட் மட்டுமே. மேலே மாட்டும் ரெட் டாட் அசையாது, நீண்ட காலம் உழைக்கும். பழைய மார்க் 1, 2, 3 பிஸ்டல்களைச் சுத்தம் செய்யப் பிரித்துக் கோர்ப்பது விரல் வலிக்காரருக்கு ஒரு தண்டனை. 2016-இல் வந்த மார்க் 4 ஒரு பொத்தானை அழுத்தினால் மடங்கித் திறக்கும். பழைய கைமாற்றில் வாங்கினால் 2017 ஜூனுக்கு முன் செய்யப்பட்டதா என்று பாருங்கள். அவற்றை நிறுவனம் பாதுகாப்புத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது, அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். போல்டின் இரு காதுகளும் சிறியவை, வழுக்கும். அவற்றில் மாட்டி ஒரு விரலால் இழுக்க உதவும் வளையங்கள் விற்கின்றன, தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டாவில் சிக்கனம் பார்க்காதீர்கள். நொடிக்கு 1,070 அடி வேகம் குறிக்கப்பட்ட 40 கிரெய்ன் சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போன்றவை புல்ஸ்ஐ எனும் குறிபார்த்துச் சுடும் போட்டி ஆட்டக்காரர்களின் வழக்கமான தேர்வு. மொத்தப் பெட்டித் தோட்டாக்களில் விளிம்பில் பிரைமர் கலவை சமமாகப் பரவியிருக்காது, நூற்றுக்குச் சில வெடிக்காமல் போகும். அப்படி ஆனால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருந்து பிறகு எடுக்க வேண்டும். தாமதமாக வெடிப்பது அரிது, ஆனால் நடக்கும். வீட்டில் வெறுமனே ட்ரிகர் அழுத்திப் பழகும்போது, பழைய .22 பலவற்றில் ஊசி குழல் விளிம்பில் மோதிப் பள்ளம் உண்டாக்கும். குழலின் தோட்டா அறைக்குள் செருக, சுவரில் திருகாணி பொருத்தும் நான்காம் எண் மஞ்சள் பிளாஸ்டிக் செருகி சரியாகப் பொருந்துகிறது, விலையும் சில காசுகள்தான்.

.22 ரிவால்வர் எளிதாக இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில். விளிம்பில் வெடிக்கும் தோட்டாவுக்குப் பலமான அடி தேவை. ஆகவே சுத்தியலை மடக்காமல் சுட்டால் ட்ரிகர் 12 பவுண்டுக்கு மேலும் போகும், இதே நிறுவனத்தின் .38-ஐவிடக் கனமாக. சுத்தியலைப் பெருவிரலால் மடக்கிச் சுடும் பழக்கம் இருந்தால் மூன்று பவுண்டில் முடிந்துவிடும். பெருவிரலே பழுது என்றால் .22 ரிவால்வர் வேண்டாம்.

போட்டி விரும்புபவர்களுக்கு ஸ்டீல் சேலஞ்ச் மிகப் பொருத்தம். எட்டு நிலைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து இரும்புத் தகடுகள். .22 பிரிவில் உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை, தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கலாம். தோள் வலிக்காரருக்கு இது பெரிய வசதி. 9 எம்எம் சுடுபவர்கள் குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வரும் எண்ணை 125-க்கு மேல் வைத்தால் யுஎஸ்பிஎஸ்ஏ சங்கத்தின் வேறு போட்டிகளில் மைனர் எனும் குறைந்தபட்ச வலு வரம்பைத் தாண்டிவிடலாம். 147 கிரெய்ன் குண்டு 860 அடியிலேயே அதை எட்டும். 115 கிரெய்னுக்கு 1,090 வேண்டும். எண் ஒன்றானாலும் கனமான குண்டு தள்ளுவது போல் உதைக்கும், இலகுவானது தட்டுவது போல்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு 9 எம்எம்மும் .45-உம் சாதாரண உரிமத்தில் கிடைக்காத அளவுகள். அங்கே இதே நோக்கத்துக்குப் பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டல் இருக்கிறது. உதை இல்லாத 4.5 மி.மீ. ஈயக் குண்டு, ஒன்றரை கிலோவுக்கு மேல் போகாத எடை, 500 கிராமுக்குக் குறையாத ட்ரிகர். ஒரு கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும் என்பதால் தோளுக்கு மட்டும் மெல்லப் பழக்கம் தர வேண்டும்.

காதைப் பற்றி ஒரு வரி: மூடிய ரேஞ்சில் காதடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போடுங்கள், .22 என்றாலும்.

பழைய .44 மேக்னத்தை விற்றுவிட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதே சிலிண்டரில் .44 ஸ்பெஷல் போடலாம். 240 கிரெய்ன் குண்டு 750 அடியில் போனால் உதை 6 ஜூல், மேக்னத்தின் கால் பங்கு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்பெஷல் கூடு சுமார் 3 மி.மீ. குட்டை என்பதால், அது முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். .357-இல் .38 சுடுபவர்களுக்கும் இதே கதை. படிந்தபின் என்றைக்காவது மேக்னம் போட்டால் தோட்டா பாதியில் நிற்கும், அழுத்தித் தள்ளினால் சிலிண்டர் சுழலாது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஆறு அறைகளிலும் கரைப்பானைத் தடவி, பத்து நிமிடம் விட்டு, அறைக்குச் சரியான வெண்கலத் தூரிகையைச் சுழற்றி ஒவ்வொன்றிலும் பத்து முறை தேய்க்கவும்.