பிசியோ முடிச்சிட்டு ஃபாரின் போகணுமா

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பிபிடி (பிசியோதெரபி டிகிரி) படிக்கிற பசங்க என்னைப் பாத்தா கேக்குறது ஒண்ணுதான், "அண்ணா, எந்த நாடு ஈசி?" நாலரை வருஷம் படிச்சு, அதுல ஆறு மாசம் இன்டர்ன்ஷிப்பும் பண்ணி டிகிரி வாங்கினாலும் அதை மட்டும் வச்சு வெளிநாட்டுல பேஷண்ட் மேல கை வைக்க முடியாதுப்பா.

துபாய்னா டிஎச்ஏ (துபாய் ஹெல்த் அத்தாரிட்டி) லைசன்ஸ், அபுதாபிக்கு டிஓஎச் (அங்கத்த ஹெல்த் டிபார்ட்மென்ட்), ஷார்ஜா பக்கம் மினிஸ்ட்ரி லைசன்ஸ், நாடு ஒண்ணுதான் ஆனா ஆபீஸ் மூணு, இதுல சர்டிபிகேட் நெசமானு டேட்டாஃப்ளோங்கற கம்பெனி நேரா காலேஜ், யுனிவர்சிட்டிக்கே எழுதிக் கேக்கும், அங்க பதில் போட லேட் பண்ணா நம்ம ஃபைல் அப்படியே தூங்கும்.

யூகேல எச்சிபிசி (பிசியோ மாதிரி தொழில்களைக் கவனிக்கற கவுன்சில்) ரிஜிஸ்டர்ல பேர் இல்லாம பிசியோதெரபிஸ்ட்னு போர்டு மாட்டுறதே குத்தம்.

இருக்கறதுலயே கஷ்டம் அமெரிக்காதான், என்னைக் கேட்டா. அங்க 2016லேர்ந்து காலேஜ்ல எல்லாம் டிபிடிங்கற பிசியோ டாக்டரேட்தான், அதனால நம்ம பிபிடிய கிரெடிட் கிரெடிட்டா எண்ணிப் பாத்து குறையுற பாடத்தைப் படிச்சிட்டு வான்றாங்க, அப்புறம் என்பிடிஇங்கற தேசிய பிசியோ எக்ஸாம், 800க்கு 600 ஸ்கோர் வேணும், பாஸ் பண்ணாலும் லைசன்ஸ் குடுக்கறது அந்தந்த ஸ்டேட்டுதான். நம்ம நாட்லயே 2021லதான் பிசியோவும் சேத்து மருத்துவம் சார்ந்த தொழில்களுக்குன்னு தேசிய கமிஷன் சட்டம் வந்துச்சு.

ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்டான்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த நாட்டுல லைசன்ஸ் குடுக்கற ஆபீஸோட வெப்சைட்ட ஒருவாட்டி நீங்களே படிங்க.