இதர

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

அடுப்படியைப் புதுப்பிக்கக் கொட்டேஷன் 3,60,000. அதற்குக் கீழே நானே ஒரு கோடு கிழித்து, ‘இதர’ என்று எழுதி 36,000 ஒதுக்கினேன். நூற்றுக்குப் பத்து. 1974-இல் கட்டிய மும்பை வீட்டுக்கு நூற்றுக்கு இருபதாவது வேண்டும் என்று மைனி போனில் சொன்னார்கள். இவர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

சாயங்காலம் கடையில் மெதுவாக மூடும் டிராயரைப் பார்த்தோம். விரலால் தள்ளிவிட்டால் போதும். கடைசி இரண்டு அங்குலம் வந்ததும் நின்று யோசித்து, சத்தமில்லாமல் தானே உள்ளே போகிறது. நாலு முறை தள்ளிப் பார்த்தேன். 16,500 கூடுதல். எதிலிருந்து எடுப்பது? இதரவிலிருந்துதான். இன்னும் ஒரு செங்கல்கூட உடையவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் ஆட்களும் வரவில்லை. பழைய அடுப்படியில் கடைசிச் சமையல், மாங்காய்ப் பச்சடி.

ஏப்ரல் 17, வியாழன்

உடைத்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்து, இரண்டிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது என்று குடியிருப்பு சொசைட்டி நிறுத்தி, மறுபடி ஆறு வரை. கடப்பா மேடை நாலு துண்டாகப் போனது. மல்பா (இடிபாடு) அள்ள ஒரு டெம்போ என்று எழுதியிருந்தார்கள், இரண்டு ஆகிவிட்டது. 4,500.

அத்தையின் அம்மியைக் காணோம். கோணிப்பைகளோடு பையாக மூன்று மாடி இறக்கிவிட்டிருக்கிறான் அந்தப் பையன். மாவு கையோடு ஓடினேன். டெம்போ டிரைவர் அம்மிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்ப மேலே ஏற்ற நூறு ரூபாய். இதைக் கணக்கில் எழுதவில்லை.

ஏப்ரல் 19, சனி

சுவருக்குள் இருந்த ஜிஐ பைப்பை மிஸ்திரி கையில் எடுத்ததும் பாதி உதிர்ந்தது. மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துரு உள்பக்கமாகவே வளர்ந்து, ஒரு பென்சில் போகிற அளவுக்குத்தான் துளை மிச்சம். தண்ணீருக்கு வேகம் இல்லை என்று எத்தனை மீட்டிங்கில் செகரெட்டரியோடு சண்டை போட்டிருப்பேன்!

துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் பைப், கூலியோடு 8,800. இதரவில் 6,200 இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வேலை இல்லை. தூசி மட்டும் வேலை செய்கிறது.

சொசைட்டியில் கட்டிய டெபாசிட் 25,000-ஐ எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. திரும்பி வரும் பணம்தான். ஆனால் இப்போது என் கையில் இல்லாத பணம். இவர், ‘அது செலவே இல்லை’ என்கிறார். அப்படியானால் பால்காரருக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

ஏப்ரல் 23, புதன்

எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய அலுமினிய வயரில் ஓவன் போட முடியாது, 4 எம்எம் செம்பு வயர் தனியாக இழுக்க வேண்டும், 7,500. இதர தீர்ந்து 1,300 கடன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இது எதிர்பாராத செலவா? மிக்ஸி போட்டால் ட்யூப்லைட் மங்குவதை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாயில் காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருவதும் தெரியும். எல்லாம் தெரியும். கொட்டேஷன் வாங்கும்போது மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தொகை ஏறும் என்ற பயம்.

ஏப்ரல் 24, வியாழன்

டப்பாக்காரருக்கு இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு 200. அதையும் எழுதவில்லை பார்.

ஏப்ரல் 28, திங்கள்

கீழ்வீட்டு மராத்தி அம்மா, எங்களுக்குக் காகூ, மேலே வந்தார். கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ‘ஒருமுறை வந்து பார்’ என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர்கள் அடுப்படிக் கூரையில், பாத்திரம் கழுவும் எங்கள் மோரிக்கு நேர் கீழே, தாம்பாளம் அளவுக்குக் கறை. ஓரம் பழுப்பு, நடுவில் சுண்ணாம்பு பொரிந்து தொங்குகிறது.

மோரியை எடுத்துவிடுவதாகத்தான் பிளான். எடுத்தாலும் தளத்தை அடிவரை கொத்தி வாட்டர்ப்ரூஃபிங் செய்யாமல் மேலே டைல்ஸ் ஒட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள் என்கிறார் மிஸ்திரி. 12,000. காகூ வீட்டுக் கூரைக்குப் பூச்சும் பெயின்டும் 9,000.

22,300 கடன். டிராயர் வாங்காமல் இருந்திருந்தால் 5,800.

மே 1, வியாழன்

மகாராஷ்டிரா தினம். லீவு. சீட்டை இந்த மாதமே தள்ளி எடுக்கலாமா, மைனியிடம் கைமாற்று கேட்கலாமா? மைனியிடம் கேட்டால் அந்த ‘இருபது’ என்ற வார்த்தையும் கூடவே வரும்.

மே 7, புதன்

கசிகிறதா என்று பார்க்கத் தளத்தில் தண்ணீர் கட்டிவிட்டார்கள். துணியும் சிமெண்டும் வைத்து வழியை அடைத்து, இரண்டு அங்குலம் நிரப்பி, சுவரில் சாக்பீஸால் கோடு. 48 மணி நேரம்.

மே 8, வியாழன்

ராத்திரி மூன்று முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு நூல் குறைவு. ஆவியாகும் என்கிறார் மிஸ்திரி. இந்த வெயிலுக்கு நானே ஆவியாகிறேன்.

மே 9, வெள்ளி

கீழே சொட்டவில்லை. காகூ எனக்கு பூரண்போளி கொடுத்தார்!

மே 13, செவ்வாய்

சிங்க் அடிக்கு வந்த பிளைவுட்டில் ஐஎஸ் 303 என்று முத்திரை, சாதாரண ரகம். நாம் பேசியது தண்ணீர் தாங்கும் 710. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன், 303-தான். திருப்பி அனுப்பினேன். இன்று ஒரு ரூபாயும் கூடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஜெயித்த மாதிரி இருந்தது.

மே 20, செவ்வாய்

மகள் வர டிக்கெட் ஜூன் 8. கார்பென்டர் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார். இன்னும் கதவுகள் இல்லை, டிராயர்கள் மட்டும் இருக்கின்றன. மெதுவாக மூடுகின்றன.

மே 26, திங்கள்

மழை. சும்மா மழை இல்லை, பருவமழையே வந்துவிட்டதாம். மும்பைக்கு வழக்கமாக ஜூன் 11. இந்த வருஷம் பதினாறு நாள் முன்னால். ரயில் தண்டவாளம் தெரியவில்லை, ஆட்கள் யாரும் வரவில்லை. அம்மி ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில்.

மே 28, புதன்

காகூ கூப்பிட்டார். கறை திரும்பி வந்திருக்கிறது. புதுப் பெயின்டுக்கு மேலேயே, முன்பிருந்ததைவிட ஜன்னல் பக்கமாக. மோரி இருந்த இடத்தில் இருபது நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

வெளிச்சுவரா? அப்படியென்றால் செலவு சொசைட்டியுடையது. அப்போது அந்த 9,000? 12,000?

செகரெட்டரியைப் பார்க்கக் கீழே போகிறேன்.