ஒழுகும் தொட்டியில் சீடை

மே 4, சனி

இன்று கத்திரி தொடக்கம். இந்த நாளாகப் பார்த்துக் கொளத்தூர் போய் நான்கடி நீள மீன்தொட்டி ஒன்றை வாங்கி வந்தோம். மீனுக்கு இல்லை, சீடைக்கு. மூலையில் சிலிகான் விட்டுப்போய் ஒழுகும் தொட்டி என்பதால் பாதி விலை. "ஒட்டித் தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். "ஒழுகினால் பரவாயில்லைங்க" என்றேன். அவர் பார்த்த பார்வையை வீடு வரை சுமந்து வந்தேன். தொட்டியை இரண்டாம் மாடிக்குச் சுமந்தது என் வீட்டுக்காரரும் வாட்ச்மேன் அண்ணனும்.

சீடை எங்கள் ஹாம்ஸ்டர். பொன்னிறம், ஆண், எட்டு மாதம் இருக்கும். வந்த நாளில் கோகுலாஷ்டமிச் சீடை மாதிரி உருண்டையாக இருந்ததால் மகள் வைத்த பெயர். அத்தைக்கு அது இன்றுவரை "அந்த எலி"தான்.

இதுவரை இருந்தது ஒன்றரை அடிக்கு ஓரடிக் கம்பிக் கூண்டு. இரண்டு மாதமாக ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரே இடத்தில் நின்று கம்பியைக் கடிக்கிறது. கர்ரக், கர்ரக். பல் வளரும், தேய்த்துக்கொள்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். நான்கு அளவுக் கூண்டுகளில் சின்னதில் இருந்தவைதான் அதிக நேரம் கம்பி கடித்தன. 2006இல் வந்த இன்னொரு ஆய்வில் அடியில் பரப்பும் துகளின் ஆழத்தை 10, 40, 80 செ.மீ. என்று மாற்றிப் பார்த்தார்கள். 80 செ.மீ. கிடைத்தவை ஒரு தடவைகூடக் கம்பியைக் கடிக்கவில்லை. எங்கள் கூண்டில் இரண்டு விரற்கடை ஆழம் இருந்தால் அதிகம். படித்த அன்று ராத்திரி அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

மே 5, ஞாயிறு

காலை முழுக்க வேலை. மரச் சீவல் கேட்டுத் தெருமுனைத் தச்சரிடம் போனேன். "எல்லாம் பிளைவுட் தூள்மா, பசை கலந்திருக்கும், வாயில்லா ஜீவனுக்கு வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல மனிதர். ஆகவே காகிதத் துகள்தான், நான்கு பெரிய பொட்டலம். ஒரு பக்கம் எட்டு அங்குலம், மறுபக்கம் சரிந்து மூன்று அங்குலம். ஆழம் குறைந்த பக்கம் தரை ஓடு ஒன்றை வைத்து அதன் மேல் புதுச் சக்கரம். பழைய சக்கரத்தில் ஓடும்போது சீடையின் முதுகு வில்லாக வளையும். இது 28 செ.மீ. குறுக்களவு, முதுகு நேராக நிற்கும். மேலே மரச்சட்டம் அடித்த கம்பிவலை மூடி.

இடம் தேர்ந்தெடுப்பதில் பெரிய வாக்குவாதம். ஹாலில் டிவி, சமையலறைப் பக்கம் மிக்ஸி, பால்கனியில் வெயிலும் பூனையும். கடைசியில் அத்தையும் மகளும் படுக்கும் அறை. ஏசி இருக்கும் ஒரே அறை அதுதான். "எலிக்கு ஏசி ரூம்" என்று அத்தை தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய மர வீட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, எலுமிச்சை வாசனையோடு உள்ளே வைத்தேன். பழைய கூண்டின் துகளைத் தட்டிக் குப்பைப் பையில் கட்டியாயிற்று. புதுமனை புகுவிழாவுக்குப் பால் காய்ச்சாததுதான் குறை.

சாயங்காலம் ஆறரைக்கு அது தானாக விழித்ததும் உள்ளே விட்டோம்.

ஓடும், குதிக்கும் என்று மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள். சீடை வயிறு தரையில் உரசப் பதுங்கிப் பதுங்கிக் கண்ணாடி ஓரமாகவே ஒரு சுற்று வந்தது. மூலையில் எழுந்து நின்று கண்ணாடியைப் பிராண்டியது. மறுபடி ஒரு சுற்று. மறுபடி பிராண்டல். பதினைந்து நிமிடத்தில் மகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மே 6, திங்கள்

தட்டில் வைத்த தினையும் கம்பும் அப்படியே இருக்கின்றன. சூரியகாந்தி விதையைக்கூடத் தொடவில்லை. மர வீட்டுக்குள் போகாமல் வெட்டவெளியில், மூலையில் சுருண்டிருக்கிறது. வெட்டவெளியில் அது தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"அதுக்குப் பிடிக்கலைம்மா. பழைய கூண்டிலேயே விட்டுடலாம்" என்று மகள் அழுகை.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. ஹாம்ஸ்டருக்குக் கண் பார்வை மங்கல், மூக்குதான் எல்லாம். இடுப்பின் இரண்டு பக்கமும் வாசனைச் சுரப்பி உண்டு. போகும் வழியெல்லாம் அதை உரசி உரசித்தான் "இது என் இடம்" என்று எழுதிவைக்கும். எட்டு மாதம் எழுதியதை நான் ஒரே காலையில் சோப்புப் போட்டு அழித்திருக்கிறேன். நமக்குச் சுத்தம். அதற்கு விலாசம் போயிற்று.

குப்பைப் பையைத் தேடி ஓடினால் அது இல்லை. காலையிலேயே மாநகராட்சி பேட்டரி வண்டி வந்து போய்விட்டது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அத்தை நிதானமாக, "அந்த எலித்தூளா? கறிவேப்பிலைக்குப் போட்டிருக்கேன். நல்ல எரு, எதுக்கு வீணாக்கணும்?" என்றார்.

பாதியைக் கறிவேப்பிலைத் தொட்டியில் பரப்பித் தண்ணீரும் ஊற்றிவிட்டார். மீதிப் பாதி பையிலேயே காய்ந்து இருந்தது, அதன் கூட்டுத் துணுக்குகளும் ஒளித்துவைத்த விதைகளும் உட்பட. அந்தப் பையைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது இதுவே முதல் தடவை. மர வீட்டுக்குள் ஒரு கை, சக்கரத்தடியில் ஒரு கை, மீதியை ஆழமான பக்கத்தில் கொட்டினேன். கொஞ்சம் நாற்றம் அடித்தது. அடிக்கட்டும்.

பழைய வலைத்துணி ஒன்றை மடித்துத் தொட்டியின் பாதிக்கு மேல் போட்டு இருட்டாக்கிவிட்டு, விளக்கணைத்து எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

மே 7, செவ்வாய்

தட்டு காலி. தின்றதா, கன்னப்பையில் அடைத்துப் போய்ப் புதைத்ததா தெரியாது. எதுவானாலும் சரி. இங்கே இருக்கப்போகிறவர்கள்தான் சேமிப்பார்கள்.

நான்கு நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்று தடையுத்தரவு. தன் வாசனை அதற்குப் பழகட்டும் என்று மகள் ஒரு டிஷ்யூ காகிதத்தை நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்து, சாயங்காலம் துண்டு துண்டாகக் கிழித்து உள்ளே போட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் "ரெண்டு மணி நேரம் போதும்" என்றதற்கு அவள் பள்ளிக்கூட அடையாள அட்டை மாதிரி நாள் பூராவும் சுமந்தாள்.

மே 9, வியாழன்

பகல் பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்றரை வரை கரண்ட் இல்லை. அறைக்குள் 34 டிகிரி. சாவியைத் தொலைத்ததுபோல் வீட்டுக்குள் அங்குமிங்கும் அலைந்தேன். பாலைவன ஓரத்துப் பிராணிதானே, வெயில் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலைத் தாங்குவதில்லை, அதிலிருந்து ஒளிந்துகொள்கிறது. சிரியாவின் அலெப்போ பக்கத்து வயல்களில் இவற்றின் வளைகளை அளந்தவர்கள் சராசரி ஆழம் 65 செ.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். மேலே என்ன கொதித்தாலும் அங்கே குளிர்ச்சிதான். 65 செ.மீ.க்கு நம் தொட்டியே கிடையாது.

தொட்டிக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி, துணி சுற்றிய ஐஸ் பாட்டில். உள்ளே நனையாத, குளிர்ந்த தரை ஓடு ஒன்று. அப்புறம் அத்தை, நான் கேட்காமலே, வாய் உடைந்த மண்சட்டியைக் கொண்டுவந்து "இதைக் கவுத்து வை" என்றார். வைத்தேன். ஐந்து நிமிடத்தில் சீடை உடைந்த வாய் வழியாக உள்ளே போய், தோசை மாவு மாதிரி தட்டையாகப் பரவிப் படுத்தது. கடையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் பீங்கான் வீட்டை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

கரண்ட் வந்ததும் அத்தைக்கு அலெப்போ கதையைச் சொன்னேன். 1930இல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஆள் வைத்துக் கோதுமை வயலைத் தோண்டி ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பிழைத்த சிலவற்றை ஜெருசலேமில் வளர்த்தார்கள். இன்று வீடுகளில் இருக்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்து வாரிசுகள். அத்தை யோசித்துவிட்டு, "அப்ப எல்லாம் ஒரே பங்காளிங்க. அதான் ரெண்டை ஒண்ணா விட்டா அடிச்சிக்குது" என்றார். காரணம் அதுவல்ல, இந்த இனமே வளர்ந்தபின் தனியாக வாழ்வது. ஆனாலும் விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

மே 11, சனி

எறும்பு. அலமாரிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஸ்டாண்டின் கால் வழியாக ஏறி, ஒழுகும் அந்த மூலை வழியாகவே உள்ளே வரிசை. ஒழுகினால் பரவாயில்லை என்று சொன்ன வாய்.

வீட்டுக்காரர் எறும்புச் சாக்பீஸோடு வந்தார். பிடுங்கி வைத்தேன், அது விஷம். பழைய சமையலறை வழிதான்: ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். நான்கடித் தொட்டியை அடியில் துகளோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு கிண்ணம் தள்ளிய அரை மணி நேரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

எறும்பை அழைத்தது புதைத்துவைத்த வெள்ளரித் துண்டு. ஈரமானதை மட்டும் எடுத்துவிட்டு, தானியக் குவியலை அப்படியே விட்டேன். அந்தக் களஞ்சியத்தைக் காலி செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இனி வெள்ளரி விரல்நகம் அளவுதான், விடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

மே 14, செவ்வாய்

ராத்திரி பத்து மணி. மகள் உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு கையை அசையாமல் வைத்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன். சீடை வந்தது, மோந்தது, போய்விட்டது. மறுபடி வந்து விரல் நுனியைப் பல் படாமல் வாயில் வைத்துப் பார்த்தது. விதையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மண்சட்டிக்குள் ஓடியது.

"கை மரத்துப் போச்சும்மா" என்றாள். கையை எடுக்கவில்லை.

மே 19, ஞாயிறு

இரண்டு வாரம். கம்பியே இல்லாததால் கம்பி கடிக்கவில்லை என்று பெருமைப்பட முடியாது. மேலே வலைமூடி இருக்கிறது, ஆனால் எட்டாது. மூலையில் பிராண்டுவதும் நின்றுவிட்டது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். சமையலறைத் தராசில் 138 கிராம், கூண்டு மாற்றுவதற்கு முன் 140. அந்த இரண்டு கிராம் கன்னத்தில் இருந்த கடலையாகவும் இருக்கலாம்.

மர வீட்டை அது கடைசிவரை ஏற்கவில்லை. எலுமிச்சை வாசனை இன்னும் போகவில்லை போலும். மண்சட்டியின் அடியிலிருந்து கண்ணாடியை ஒட்டியே ஒரு சுரங்கம் தோண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்: தூங்கும் அறை, அதில் மகளின் டிஷ்யூத் துண்டுகள், பக்கத்தில் கம்பும் தினையும் தனித்தனியாக. கழிப்பது எப்போதும் சக்கரத்தடி மூலையில்தான். அந்த மூலையிலிருந்து மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கரண்டி எடுக்கிறேன். சுரங்கம் தெரியும் கண்ணாடிப் பக்கத்துக்குச் செய்தித்தாள் ஒட்டி, தூக்கிப் பார்க்க ஒரு கதவும் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கலாம். அத்தை நான்கு தடவை திறக்கிறார்.

இன்று காபி குடிக்கும்போது, முழுத் தொட்டியையும் எப்போது மாற்றுவாய் என்று கேட்டார். மாற்ற மாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பேன் என்றேன். முகம் வாடிவிட்டது. கறிவேப்பிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறதாம், முருங்கைக்கும் போடலாம் என்று நினைத்திருந்தாராம்.