மங்கிய படம்

இன்று காலை திருகோணமலைச் சிவன்கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு நின்ற அம்மா ஒருவர், கையிலிருந்த மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

லேமினேற் செய்த படம். ஓரம் பிரிந்து, மழைநீர் உள்ளே இறங்கி, பிள்ளையின் ஒரு பக்கக் கன்னம் வெளிறிப்போயிருந்தது. கறை உள்ளேதான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் துடைத்தார்.

"வேற படம் இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"இருந்தது இது ஒண்டுதான் பிள்ளை."

வீதியில் நின்று என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியாகத் திரண்டவர்களும், 1990இல் தெற்கில் அதே பெயரில் திரண்ட சிங்களத் தாய்மாரும், போருக்குப் பின் வடக்குக் கிழக்கெங்கும் படங்களோடு நின்றவர்களும் பேசாமல் வீட்டிலிருந்திருந்தால், காணாமல் போனோர் அலுவலகத்துக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கிய 2018ஆம் ஆண்டுச் சட்டமோ நாடாளுமன்றத்தின் வாசலைக்கூடத் தொட்டிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

சட்டம் வந்தும் அவர்களுக்குப் பதில் வரவில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் இன்றும் நிற்கிறார்கள்.

இந்த அம்மா ஒரு முழக்கமும் எழுப்பவில்லை. படம் தெருவைப் பார்த்திருக்கும்படி பிடித்திருந்தார், அவ்வளவுதான். கடந்து போன முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறியதும் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, மூதூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.