காத்மாண்டுக்குப் போன எங்கள் சபைக் குழு

நேபாளத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தைப் பார்க்கச் சபையிலிருந்து குழு போகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவர்கள் உங்களிடம் என்னென்ன காகிதம் கேட்டார்கள்? "ஒன்றும் கேட்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் வாங்க என்றார்கள்" என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி இன்னொரு தடவை விசாரிக்கச் சொல்வேன்.

2024 மே மாதம் எங்கள் திருநெல்வேலிச் சபையிலிருந்து ஒரு குழு போய்வந்தது. மிஷன் கமிட்டிச் செயலாளர் என்பதால் கடிதம் எழுதுவது, டிக்கெட் போடுவது, கணக்கு வைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் சொன்ன சாட்சி வேறு. இது அந்த அலைச்சலின் கதை.

முதலில் எங்களுக்கு இரண்டு இல்லங்களின் தொடர்பு கிடைத்தது. ஒன்று, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் வந்தது. கேட்ட மறுநாளே வாட்ஸ்அப்பில் பிள்ளைகளின் படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், வயது, அப்பா அம்மா எப்படி இறந்தார்கள் என்ற விவரம். வந்து இறங்கும் அன்றே பிள்ளைகள் மாலை போட்டு வரவேற்பார்கள், சாயங்காலம் நடனம் உண்டு, விரும்பினால் ஆளுக்கொரு பிள்ளையைத் தத்தெடுத்து மாதாமாதம் பணம் அனுப்பலாம் என்றார்கள். கமிட்டியில் இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மட்டும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாம யாரு என்னன்னே தெரியாம நமக்கே இவ்வளவு அனுப்புறாங்க. இன்னும் யார் யாருக்கு அனுப்பியிருப்பாங்களோ!" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது இல்லம் காத்மாண்டுக்குப் பக்கத்தில் லலித்பூரில் இருந்தது. நேபாளக் கிறிஸ்தவர்களே நடத்துவது. அவர்களிடமிருந்து பதில் வரவே நாளாயிற்று. வந்ததும் பதில் அல்ல, கேள்விகள். எத்தனை பேர், ஏன் வருகிறீர்கள், உங்களில் யாருக்கு என்ன தொழில் தெரியும், உங்கள் சபைக்கு எழுத்தில் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை உண்டா? நாங்கள் ஆயுத பூஜையை ஒட்டி லீவு சேர்த்து அக்டோபரில் வருகிறோம் என்று எழுதியிருந்தோம். அப்போது வராதீர்கள் என்றார்கள். நமக்கு நவராத்திரி என்றால் அவர்களுக்குத் தசைன். நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை. பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்களாம்.

ஊருக்கா? அனாதைப் பிள்ளைகளுக்கு ஏது ஊர் என்று கமிட்டியில் ஒரே குழப்பம். அதற்கான விடை நேரில் போனபிறகுதான் முழுதாகக் கிடைத்தது. சரி, மே மாதப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவைத்தோம்.

அப்புறம் காகித வேலை. எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வேண்டும் என்றார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவரிடம் போய் "போலீஸ் சர்டிபிகேட் வாங்குங்க" என்று சொல்வது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. "என்னைச் சந்தேகப்படுறீங்களா, தம்பி?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். நம் ஐயரே, அதாவது சபைப் போதகரே, முதல் ஆளாக விண்ணப்பித்து, சான்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையோ கட்டாயம். ஆதார் செல்லாது, 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் அதை ஏற்கிறார்கள். எங்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல்தான். வாக்காளர் அட்டையில் வெறும் பெயர், டிக்கெட்டில் அப்பா பெயரும் சேர்ந்து விரிந்திருக்கும். நம் ஆட்களுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் கையில் அட்டையை வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து அடிப்பது நல்லது.

பணமும் எளிதாக இல்லை. சபை அறக்கட்டளைப் பணத்தை எடுத்து நேபாளத்தில் செலவழிக்கலாம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆடிட்டர் கையை விரித்துவிட்டார். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், நேரடி வரிகள் வாரியத்தின் ஆணை இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. ஆகவே போகிறவர்கள் அவரவர் கைக்காசில் போவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு விமானக் கட்டணமே 30,000 ரூபாயை ஒட்டி வந்தது. அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே நெருடல்தான். பேசாமல் பணத்தை அனுப்பிவிடலாமே என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் அப்போது இல்லை. கையில் கொண்டுபோவதிலும் சிக்கல்: 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளம் அப்போது அனுமதிக்கவில்லை. நூறு ரூபாய்க் கட்டுகளாக மாற்றி எல்லோருடைய பையிலும் பிரித்து வைத்தோம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். அது நிலையான மதிப்பு என்பதால் கணக்கு எழுதுவது மட்டும் சுகம்.

உண்மையான சண்டை இதற்கெல்லாம் பிறகு வந்தது. இல்லத்திலிருந்து வந்த நடத்தை விதிகளில் இப்படி இருந்தது: பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது, தனியாக யாரையும் வெளியே கூட்டிப்போகக்கூடாது, நேரடியாகப் பரிசு கொடுக்கக்கூடாது, பிரசுரம் கொடுக்கக்கூடாது, விடுமுறை வேதாகமப் பள்ளி போல எதுவும் நடத்தக்கூடாது. கடைசி இரண்டுக்கும் காரணம் சட்டம். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி ஒருவரை மதம் மாற்றினாலோ மாற்ற முயன்றாலோ 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நாம் பாட்டுப் பாடிவிட்டு விமானம் ஏறிவிடுவோம். போலீஸ் வந்து நிற்பது இல்லத்தின் வாசலில்தான்.

எங்கள் மூத்த கமிட்டி உறுப்பினர், எல்லோருக்கும் அண்ணாச்சி, எழுந்து நின்றார். "வசனம் சொல்லாத மிஷன் பயணம் என்ன பயணம்? அதுக்கு டூர் போயிட்டு வரலாமே." கோபத்தில் சொன்னாலும் நியாயமான கேள்விதான். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாங்கள். மிஷன் என்றால் பிரசங்கம் என்பது ரத்தத்தில் ஊறியது. ஐயர் வாதாடவில்லை. "அவங்க வீட்டுக்குப் போறோம், அண்ணாச்சி. அவங்க வாசல்ல செருப்பைக் கழட்டச் சொன்னா கழட்டணும்" என்றார். அண்ணாச்சி முறைத்துக்கொண்டே விதிகளில் கையெழுத்துப் போட்டார், எங்களோடு வரவும் செய்தார்.

திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து காத்மாண்டு. பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முன்னால் ஓடுகிறது. குழுவில் பாதிப் பேர் கடைசிவரை கடிகாரத்தை மாற்றவில்லை, அதனால் எல்லா இடத்துக்கும் கால் மணி தாமதம்.

லலித்பூரில் நாங்கள் பார்த்தது நாங்கள் நினைத்திருந்த மாதிரி ஒன்றுமே இல்லை. மாலை இல்லை, நடனம் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து பருப்பும் சோறும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, டை கட்டி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்கள். நேபாளத்தில் அதுதான் முதல் வேளைச் சாப்பாடு, பள்ளி பத்து மணிக்கு. வார விடுமுறை அப்போது சனிக்கிழமை. ஞாயிறு வேலை நாள் என்பதால் சபைகள் கூடுவதும் சனிக்கிழமைதான். அன்று மட்டும் பிள்ளைகளோடு ஆராதனையில் உட்கார்ந்தோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில். "ஜெய் மசீ" என்று கைகூப்புவார்கள். திரும்பச் சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

மற்ற நாளெல்லாம் பகல் முழுக்க எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. குழுவில் இருந்த எலக்ட்ரீஷியன் பழைய வயரிங்கைப் பிரித்துப் போட்டார். பெண்கள் கொசுவலை தைத்தார்கள். எனக்கும் அண்ணாச்சிக்கும் அலுவலக வேலை கொடுத்தார்கள்: கோப்புகளை வரிசைப்படுத்துவது. பெயரும் ஊரும் வெளியே போகாது என்று இன்னொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் அலமாரியைத் திறந்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. அதில் பிறப்புப் பதிவு, வார்டு அலுவலகப் பரிந்துரைக் கடிதம், அம்மாவோ மாமாவோ யாரோ ஒருவருடைய கைரேகை. பெரும்பாலான கோப்புகளின் கடைசித் தாளில் பேனாவால் வரைந்த ஒரு வரைபடம் இருந்தது. பஸ் நிற்கும் இடம், அங்கிருந்து ஜீப், ஜீப் போகாத இடத்திலிருந்து நடை, ஆற்றுப் பாலம், டீக்கடை, அரசமரம், அதற்குப் பின்னால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அதுதான் அந்தப் பிள்ளையின் வீடு. சமூகப் பணியாளர் ஒருவர் நடந்தே போய்க் கண்டுபிடித்து வரைந்தது. மழைத்தண்ணீர் பட்டு மை கரைந்த வரைபடங்களும் இருந்தன.

இல்லத்தை நடத்துகிற அம்மாவை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களோடு வந்த முன்னாள் ராணுவ வீரருக்கு இந்தி நன்றாக வரும், அவர்தான் மொழிபெயர்த்தார். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காத்மாண்டுக்குக் கூட்டிவந்தார்கள் தரகர்கள். உயிரோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு இறப்புச் சான்று தயாராயிற்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அனாதைகளைப் பார்க்க விரும்பினார்கள், இல்லங்கள் அனாதைகளைக் காட்டின. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி அதே கூட்டம் கிளம்பிவிடக்கூடாது என்று அரசாங்கமே புதிய இல்லங்களுக்கும் வெளிநாட்டுத் தத்துக்கும் தடை போட்டது. பொய்ச் சான்றின் வலி பிள்ளைக்குப் பதினாறு வயதில் தெரியும் என்றார் தீதி. அந்த வயதில்தான் குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ தங்கள் காகிதத்தோடு வந்து நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் எதுவும் நகராது.

அண்ணாச்சி விடவில்லை. "நான் சாயர்புரம் போர்டிங்ல வளர்ந்தவன். போர்டிங் இல்லேன்னா மாடு மேய்ச்சிருப்பேன். இல்லத்தையே தப்புன்னு சொன்னா எப்படி?" மொழிபெயர்த்ததும் தீதி கேட்டார்: "லீவுக்கு வீட்டுக்குப் போனீர்களா?"

"போனேன். கிறிஸ்மஸுக்கும் பெரிய லீவுக்கும்."

"அம்மா பார்க்க வருவார்களா?"

"மாசத்துக்கு ஒருக்க வருவா. பனங்கிழங்கு அவிச்சு எடுத்துட்டு வருவா."

"அதைத்தான் நாங்களும் செய்யப் பார்க்கிறோம்" என்றார் தீதி. அண்ணாச்சி அதற்குமேல் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். மறுநாளும் யோசித்துக்கொண்டேதான் கோப்பு அடுக்கினார்.

அங்கிருந்து ஹெடௌடா என்ற ஊரில் உள்ள இன்னொரு இல்லத்துக்குக் குலேகானி மலைப்பாதையில் டாடா சுமோவில் போனோம். வளைவுக்கு வளைவு வாந்தி. போய்ப் பார்த்தால் அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகளே இல்லை. படுக்கையறைகள் டியூஷன் அறைகளாக மாறியிருந்தன. பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொந்த வீட்டிலோ அத்தை, பெரியப்பா வீட்டிலோ சேர்த்துவிட்டு, பள்ளிக்கட்டணமும் அரிசியும் அங்கேயே கொடுக்கிறார்கள். மாலையில் பக்கத்துத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் படிக்க வருகிறார்கள், இருட்டுவதற்குள் அம்மாவோடு திரும்பிப் போகிறார்கள். "இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரு அக்கா கேட்டார். இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஊரில் காணிக்கை கேட்கும்போது, காலியான கட்டில்களைக் காட்டிக் கேட்பது கஷ்டம். பிள்ளைகளின் முகத்தைக் காட்டினால் பணம் வரும், பஸ் கட்டணம் என்றால் யார் கொடுப்பார்கள்?

ஆனாலும் கொடுத்தார்கள். குழுவில் போனவர்கள் சிலர், சமூகப் பணியாளரின் பஸ், ஜீப் செலவையும், தசைனுக்குப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் செலவையும் சொந்தப் பணத்திலிருந்து ஏற்றிருக்கிறார்கள். முதல் தொகையை இல்லத்தின் அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்கினோம். நேபாளத்துக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. 2021இல் அதன் உச்சவரம்பை 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். எங்கள் ஊர் வங்கியில் அதைப் பற்றிக் கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி மேலாளரைப் பார்த்தார், மேலாளர் சுற்றறிக்கையைத் தேடினார். அந்தச் சுற்றறிக்கையை அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த குழு எப்போது என்று ஆராதனை முடிந்ததும் கேட்கிறார்கள். லலித்பூரில் இன்னும் தங்கியிருக்கும் பிள்ளைகளில் நடக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. மலையேறி வீடு சேர்ப்பது அவர்களுக்குத்தான் கடினம் என்பதால் கடைசியில் மிஞ்சுகிறவர்களும் அவர்களே. அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்டும், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரும் வந்தால் போதும் என்று தீதி எழுதியிருக்கிறார். ஆகவே இந்தத் தடவை இரண்டு பேர்தான், அதுவும் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். போலீஸ் சான்று வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.