அப்டிகேட்

ஆங்கிலத்தில் 'அப்டிகேட்' என்றால் அரியணையை விட்டு இறங்குவது. லத்தீனில் 'அப்' என்றால் விலகி, 'டிகாரே' என்றால் அறிவிப்பது. ஆக, சும்மா எழுந்து போனால் போதாது, ஊரறியச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகுவதற்கும் ரோமானியர்களிடம் இதே வினைதான். 'டிக்டேட்டர்' கூட இதற்குப் பங்காளி முறை!

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பர் 10 அன்று, தம்பிகள் மூவர் சாட்சியாக முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் சட்டம் நிறைவேறிய பிறகுதான் முடி இறங்கியது. அன்றிரவே வானொலியில் பேசினார். சரி, அது காதலுக்காக முடி துறந்த கதை.

எனக்கென்னவோ டயோக்ளீஷியனைத்தான் பிடிக்கும். 305-இல் ரோமப் பேரரசர் பதவியை விட்டுவிட்டு, இன்றைய குரோஷியாவின் ஸ்ப்ளிட்டில் கட்டிய அரண்மனைக்குப் போய்விட்டார். திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டவர்களிடம், என் கையால் போட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்றாராம்.